புங்க எண்ணெயில் ஊறிய பந்து

என் எழுத்து கோழி கிளறிப் போட்ட குப்பை மாதிரி இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றைக்கும் தடுமாறுகிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொண்டு திருத்திப் படிக்க வேண்டும். வாயால் சொல்லலாம் என்றால், நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே எனக்குப் பேச்சு பாதியில் நின்றுவிடும்.

ஆம்பூரில் பாலாற்றை ஒட்டிய ஒரு தோல் ஷாப்பில் எனக்கு வேலை. தோல் பதனிடும் இடத்தை நாங்கள் ஷாப்பு என்றுதான் சொல்லுவோம். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை இழுத்துப் போட்டு மயிர் நீக்குவது என் பங்கு. முதலாளியின் இளைய மகன் மெட்ராஸில் காலேஜ் படித்துவிட்டுத் திரும்பியபோது கிரிக்கெட்டையும் கூடவே கொண்டுவந்தார். சின்ன சாயபு என்போம் அவரை. அவருக்கு மட்டை பிடிக்க ஆசை, பந்து போட ஆள் வேண்டும். ஷாப்பு ஆட்களை மைதானத்துக்கு அழைத்துப்போய் ஆளுக்கு ஒரு பந்து போடச் சொன்னார். நான் போட்டது ஆடுகிற இடத்தில் விரித்திருந்த கயிற்றுப் பாயில் குத்தி உள்ளே திரும்பி, அவர் மட்டைக்கும் காலுக்கும் நடுவில் நுழைந்து குச்சியைச் சாய்த்தது.

"இன்னொரு தபா போடு" என்றார். அதுவும் சாய்த்தது.

அன்று முதல், மத்தியானம் வரை சுண்ணாம்பு, அதற்கப்புறம் பந்து. பந்து போடவே சம்பளம் வாங்குகிறவன் என்று ஊரில் பேர். ஆனால் கூலி இரண்டுக்கும் சேர்த்து ஒன்றுதான். பழகும்போது சின்ன சாயபு அவுட்டானால், "இது கணக்குல இல்லப்பா, நான் ரெடியா இல்ல" என்பார். மட்டை என் கைக்கு வருவது எல்லாரும் ஆடி முடித்த பிறகு. வரும், உடனே போய்விடும். சுண்ணாம்பு வேறு விரல் நுனியைத் தின்றுகொண்டே இருந்தது. பந்தைத் திருப்புவதே அந்த நுனிதான். காலையில் ஓட்டை விழும், சாயங்காலம் அதே ஓட்டையில் பந்தின் தையல் உரசும்.

இப்படிப் பல வருஷம் போனது. ஒரு கோடையில் சின்ன சாயபு என்னைக் கூப்பிட்டார். மெட்ராஸில் ஒரு பெரிய கிளப்புக்கு, பந்து போடவும் மைதானம் பார்க்கவும் நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டுமாம். கிளப்பின் காரியதரிசி, வேலூர் அணியோடு நாங்கள் ஆடப்போகும் ஆட்டத்தைப் பார்க்க வருகிறார். "நல்லா போட்டியானா, ஒன்ன இட்டுனு பூடுவாரு. தொட்டி வேலையே கெடையாது" என்றார்.

வேறு வேலை கிடையாது, பந்து மட்டும். கேட்டதும் என் வீட்டுக்காரி, எந்தப் பாத்திரத்தை எடுத்துப்போவது, எதை விட்டுப்போவது என்று பக்கத்து வீடுகளில் பேச ஆரம்பித்துவிட்டாள். இரு, இன்னும் ஆகவில்லை என்றேன். அவள் கேட்கவில்லை.

ஆட்டத்துக்கென்று மெட்ராஸிலிருந்து வாங்கிய புதுப் பந்து ஒன்று ஷாப்பில் இருந்தது. அதைப் பத்திரமாக வைத்திருந்தவர் எங்கள் மேஸ்திரி. தோலைத் தொட்டே அது எந்தத் தொட்டியில் எத்தனை நாள் கிடந்தது என்று சொல்லக்கூடியவர். என்மேல் பிரியம் உள்ளவர், அதுதான் வினை. ஆட்டத்தன்று காலை ஒரு துணிப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். பிரித்தால் உள்ளே கறுப்பாக ஏதோ பளபளத்தது. முகர்ந்தேன், புங்க எண்ணெய்.

"இன்னா மேஸ்திரி இது?"

"வெயில்ல காஞ்சு வெடிச்சுப் போய் கெடந்துச்சுடா. எண்ணெயில ஊறப் போட்டேன். தொட்டுப் பாரு, இன்னா பதமா கீது!"

"பந்துக்குப் போய் யாராச்சும் எண்ணெய் போடுவாங்களா?"

"ஏன், அது தோல் இல்லியா? நீ மெட்ராஸ் போவசொல்ல நம்ம ஷாப்பு பேரு நிக்கணும்டா."

சாக்கால் துடைத்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன். துடைக்கத் துடைக்க உள்ளேயிருந்து எண்ணெய் கசிந்தது. தையல் ஊறிப் புதைந்து, விரலுக்குப் பிடியே இல்லை. சின்ன சாயபுவிடம் ஓடினேன். மற்ற பந்தெல்லாம் கிழிந்தவை. ஆட்டம் நடத்துகிற நாங்கள்தான் பந்து தர வேண்டும். "தொடச்சிட்டுப் போடுப்பா. வந்தவங்க எதிர்ல பேஜார் பண்ணாதே" என்று சொல்லிவிட்டு அவர் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

முதல் பந்து கையிலிருந்து நழுவி மட்டைக்காரர் தலைக்கு மேலே போனது. அடுத்தது குத்தாமலே அவர் இடுப்புக்கு வந்தது, அதை அவர் ஆற்று மணலுக்கே அடித்துவிட்டார். திரும்பி வந்த பந்தில் மணல் ஒட்டி அப்பம் மாதிரி இருந்தது. ஓரத்தில் நின்ற எங்கள் ஷாப்பு ஆட்களே கத்தினார்கள்.

"டேய், பந்து போடுறியா, பந்தியில வடை போடுறியா?"

"உடுறா, மெட்ராஸ் ரயிலுக்கு இப்பவே கை காட்டுறான்!"

என்ன செய்தும் பந்து திரும்பவில்லை. ஒரே ஒருவர், அவசரப்பட்டு உயரத் தூக்கி அடித்து அவுட்டானார். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே அடித்தார்கள்.

டீ நேரத்தில் துணிந்து, பந்தோடு காரியதரிசியிடம் போனேன். அவர் கையில் கொடுத்துவிட்டால் போதும், தொட்டதும் விஷயம் விளங்கிவிடும் என்று நினைத்தேன். "ஐயா, இத கொஞ்சம் புடிச்சுப் பாருங்க" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. அவர் வாங்கினார், முகத்தைச் சுளித்தார், உடனே கீழே வைத்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்தார்.

"தோல் ஷாப்புல வேலை பாக்கறவங்க கையே இப்படித்தான் இருக்குமா?" என்று சின்ன சாயபுவைக் கேட்டார். "இந்தக் கையால பந்த எப்படி அடக்க முடியும்? பாவம்."

சின்ன சாயபு சிரித்தார். எண்ணெய் என் கையிலிருந்து வரவில்லை, பந்திலிருந்து வருகிறது என்று சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் அதைச் சொன்னால், ஊறிய பந்தை வந்தவர்களுக்குக் கொடுத்தோம் என்று ஆகிவிடும். நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சு மாம்பழத்துக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை தொட்டியில் இறங்கினேன். என் வீட்டுக்காரி பல நாள் தண்ணீருக்குக்கூட வெளியே போகவில்லை. அக்கம்பக்கத்தார் எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்பார்களாம். மேஸ்திரிக்கோ ஒரு வருத்தமும் இல்லை. "ஒனக்கு அன்னிக்கு நேரம் சரியில்லடா" என்றார், அவ்வளவுதான். அந்தப் பந்து கிழியவே இல்லை என்பதால், அதற்கப்புறம் பழகுவதற்கெல்லாம் அதையே என்னிடம் கொடுத்தார்கள். சின்ன சாயபுவுக்குக் கார் ஓட்டும் ஆசை வந்து கிரிக்கெட்டை விடும் வரைக்கும் அதைத்தான் போட்டேன்.

இன்று டீக்கடையில் மேஸ்திரி, தான் பதம் போட்ட பந்து எத்தனை வருஷம் உழைத்தது என்று புது ஆட்களுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் காட்டி, "கேளு, இவனே சொல்லுவான்" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தலையை ஆட்டிவிட்டு வந்து, இதை எழுத உட்கார்ந்தேன்.

1936ஆம் வருஷம், புரட்டாசி மாதம், ஏழாம் தேதி.