ஊசி ஏறாத எலி

நான் விலங்கியல் படித்தவன். வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டக்கூட விட்டதில்லை. நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துவிட்டுப் போங்கள்.

தென்காசிப் பக்கம், கொசுவால் பரவும் காய்ச்சல்களை ஆராயும் ஒரு கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு கூண்டு எலிகளுக்கு டெங்கு கிருமியை ஊசியில் ஏற்றுவோம். பக்கத்துக் கூண்டுக்கு வெறும் உப்புக் கரைசல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. தினமும் எடை போட வேண்டும்.

மூன்று வருடம் முன்பு, சாரல் காலம். அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் மகள் தோழிகளோடு ஐந்தருவி போய்வந்த மறுவாரம் காய்ச்சலில் படுத்தாள். ரத்தம் பார்க்கலாம் என்றால் அவளும் வரவில்லை, என் மனைவியும் விடவில்லை. அருவித் தண்ணீர் சேரவில்லையாம், கஷாயம் போதுமாம். கத்திக் கத்தி ஓய்ந்துபோனேன்.

ஐந்தாம் நாள் மதியம், உப்புக் கரைசல் கூண்டில் ஓர் எலி மட்டும் முடி சிலிர்த்து, முதுகைக் குவித்து உட்கார்ந்திருந்தது. தொட்டால் சில்லென்றிருந்தது. கிருமி ஏற்றியவை சாகுமுன் அப்படித்தான் உட்காரும். ஆய்வை நடத்தும் எங்கள் மேடம் வந்து பார்த்து, "கூண்டு அட்டைய மாத்திச் சொருகிட்டீங்களா அண்ணாச்சி?" என்றார். எங்கள் வேலையில் நடக்கக்கூடிய தப்புதான். ஆனால் காதில் வெட்டிய அடையாளத்தை இரண்டு பேருமே பார்த்தோம். அட்டை மாறவில்லை, ஊசி ஏறாத எலிதான் அது.

ஏன் என்று கேட்காதீர்கள், உடனே வீட்டுக்குப் போன் போட்டேன்.

"காச்சல் விட்டுட்டு, அவ அசந்து தூங்குதா. நீங்க அங்கன எலியப் பாருங்க, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்," என்றாள் மனைவி.

"அவ கையத் தொட்டுப் பாரு."

அவள் கட்டில் பக்கம் போகும் வளையல் சத்தம் கேட்டது. "சில்லுன்னு இருக்குங்க."

டெங்குவில் காய்ச்சல் விடும்போதுதான் ஆபத்து. ஆஸ்பத்திரியில் பார்த்தால் ரத்த அழுத்தம் விழுந்திருந்தது. சாயங்காலம்வரை விட்டிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். பிழைத்தாள். மறுநாள் காலையில் அவள் கண் விழித்தாள், அதே காலையில் எலியும் தீவனம் தின்றது. அதன் ரத்தத்தில் கிருமியே இல்லை. யாரிடம் சொன்னாலும் தற்செயல் என்கிறார்கள். அந்த எலி ஏன் குளிர்ந்துபோனது என்று கேட்டால், அதுவும் தற்செயல்தானாம்.

ஆய்வு முடிந்தால் உப்புக் கரைசல் எலிகளையும் கொன்றுவிடுவதுதான் முறை. மேடத்தைக் கும்பிட்டுக் கெஞ்சி அதை மட்டும் காப்பாற்றினேன். புதியவர்கள் எலியைக் கையில் பிடித்துப் பழகுவதற்கு என்று எழுதி வைத்துக்கொண்டார்.

இந்த வகை எலிகள் இரண்டு வருடம் இருந்தாலே அதிகம். இது மூன்றைத் தாண்டிவிட்டது. மகள் இப்போது வெளியூர் ஹாஸ்டலில் படிக்கிறாள். எலியை எடை போட்ட பிறகுதான் தினமும் அவளோடு போனில் பேசுவேன், எரிந்து விழுகிறாள்.

முப்பது கிராம்கூட இல்லாத எலி, இந்த வாரம் இரண்டு கிராம் இளைத்திருக்கிறது. அதைச் சொல்லாமல், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.

"ரெண்டு நாளா பசியே இல்லப்பா," என்றாள்.