படையலைப் பார்த்த கேமரா

எங்கள் சிதம்பரம் வீட்டு ஹாலில், டிவிக்கு மேலே அந்தக் கேமராவை மாட்டியது அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்த பிறகுதான். மஸ்கட்டில் வேலை பார்க்கும் தம்பி அங்கிருந்தே ஆன்லைனில் ஆர்டர் போட்டு, நெட் கனெக்‌ஷன் கொடுக்கும் ஆளையே பிடித்து மாட்டவும் வைத்துவிட்டான். நான் கடலூரில், மஞ்சக்குப்பத்தில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறவள். ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் அக்காவை ஒரு வார்த்தை கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். அன்றைக்கு அவனைப் போனில் கிழி கிழி என்று கிழித்துவிட்டு, அடுத்த நிமிஷமே அந்த ஆப்பை என் போனிலும் இறக்கிக்கொண்டேன்.

உள்ளங்கைக்குள் அடங்குகிற வெள்ளை உருண்டை. போனில் விரலால் தள்ளினால் அது கிர் என்ற சத்தத்தோடு தலையைத் திருப்பும். நாம் பேசினால் அதற்குள்ளிருந்து நம் குரல் கேட்கும். ஹாலில் ஏதாவது அசைந்தால் எங்கள் மூன்று பேர் போனிலும் ஒரே நேரத்தில் டிங் என்று அடிக்கும். மூன்றாவது போன் அப்பாவுடையது. தன் வீட்டுக்குள் தான் நடப்பதைத் தன் போனே தனக்குச் சொல்லிக்கொண்டிருப்பதை அப்பா வெகுநாள் ஆச்சரியத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு அது மூன்றாம் மனுஷன். ஹாலைத் தாண்டும்போதெல்லாம் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வாள். சாப்பாட்டு விஷயத்தில் அவள் முன்பிருந்தே ஒரு தினுசு. எல்லோருக்கும் போட்டு முடித்த பிறகு, சமையலறையில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்து மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள். யாராவது பார்த்தால் அவளுக்குச் சோறு இறங்காது. சாப்பிடும்போது யாராவது கூப்பிட்டால் போதும், பாதியில் கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவாள். எழுந்தால் எழுந்ததுதான். திரும்ப வந்து உட்காரமாட்டாள், தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். அவள் சாப்பிடும்போது கூப்பிடாதீர்கள் என்று அப்பா எங்களைத் திட்டித் திட்டியே வளர்த்தார்.

கேமரா வந்த பிறகு தம்பி மத்தியானத்தில் அதன் வழியே குரல் கொடுப்பான். சாப்பிட்டாயா என்று கேட்பான். சாப்பிட்டேன்டா என்று சமையலறையிலிருந்து பதில் வரும். அவள் சாப்பிட்டதை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்து மணிக்கணக்கில் பேசுகிறவன், தினமும் பார்க்க ஆரம்பித்த பிறகு பேசுவதைக் குறைத்துக்கொண்டான். அதுதான் பார்த்துக்கொண்டே இருக்கிறேனே என்பான். "வாயத் தொறந்தா ஃபேனப் போடும்மாங்கறான், லைட்ட நிறுத்தும்மாங்கறான். ஈபிக்காரன் மாதிரி ஆயிட்டான்" என்று அம்மா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள். நான் மட்டும் என்ன ஒழுங்கு? கிளினிக்கில் ஒரு பேஷண்ட் உள்ளே போய் இன்னொரு பேஷண்ட் வருவதற்குள் போனைத் திறந்து ஹாலைப் பார்ப்பேன். அவள் தோளோ நிழலோ கடந்து போனால் மனசுக்கு ஒரு தெம்பு. வாரம் தவறாமல் பஸ் ஏறிக்கொண்டிருந்தவள் மாதம் ஒருமுறை போனால் போதும் என்றாகிவிட்டேன்.

போன ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

தம்பியால் வரமுடியவில்லை. அப்போதுதான் கம்பெனி மாறியிருந்தான், விசா காகிதமெல்லாம் எங்கோ நின்றுகொண்டிருந்தது. குளிப்பாட்டியதிலிருந்து சுடுகாடு வரைக்கும் சித்தி மகன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தான். போனுக்குள் தம்பி அழுதுகொண்டே வந்தான். மகன் செய்ய வேண்டியதை எல்லாம் அப்பாவே செய்தார்.

அடுத்து வந்த நாட்களில் வீட்டில் நடமாடியது அந்தக் கேமராதான். துக்கம் கேட்க வந்தவர்கள் பாயில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். திடீரென்று மேலே கிர் என்று சத்தம் கேட்கும். அந்த வெள்ளைத் தலை மெல்லத் திரும்பி அம்மா படத்தைப் பார்க்கும், பிறகு சமையலறை வாசலைப் பார்க்கும், பிறகு அப்பாவைப் பார்க்கும். ஒரு வார்த்தை பேசாது. வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்துகொள்வார்கள். எங்கள் வீட்டில் பேய் என்று ஒன்று உலாவியது என்றால், அது உயிரோடு மஸ்கட்டில் உட்கார்ந்திருந்த என் தம்பிதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, விளக்கு வைத்த பிறகு ஹாலில் படையல் போட்டோம். அம்மா படத்துக்கு முன் தலைவாழை இலை, புதுப்புடவை. சம்பா சாதம், கத்தரிக்காய் கொத்சு, வடை, பாயசம். அவளுக்குப் பிடித்த பன்னீர் சோடா ஒரு பாட்டில், மூடி திறந்து. கற்பூரம் காட்டிய பிறகு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். போனவர்கள் வந்து சாப்பிடுகிற நேரம் அது. உள்ளே ஆள் இருக்கக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். அம்மா மாதிரி ஆளுக்கென்றே யாரோ உண்டாக்கி வைத்த வழக்கம் என்று எனக்குப் பட்டது. இனிமேலாவது அவள் தனியாக, நிம்மதியாகச் சாப்பிடலாம்.

வாசலுக்கு ஆள் வைத்து, விளக்குக்குத் திரி தேடி, சோடாவுக்கு அலைந்த எங்களில் ஒருவருக்கும் கேமரா ஞாபகம் வரவில்லை.

தெருவில் பத்துப் பேர் பேசாமல் நின்றுகொண்டிருந்தோம். அப்போது என் கையிலும் அப்பா சட்டைப் பையிலும் ஒரே சமயத்தில் டிங் என்றது. ஹாலில் அசைவு. சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல் சில்லென்று இருந்தது. எனக்குக் கட்டைவிரலை ஓரிடத்தில் வைத்தால் போதும், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். அப்பா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

அடுத்து, சாத்திய கதவுக்கு உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"அம்மா."

மறுபடியும் அதே குரல்.

"அம்மா, சாப்டியாம்மா?"

அது தம்பி குரல் என்று புரிந்துகொள்ளவே எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அந்தக் கரகரத்த சின்ன ஸ்பீக்கரில் அது அவன் குரல் மாதிரியே இல்லை. சித்தி மகள் அழ ஆரம்பித்தாள். அப்பா கதவைத் தட்டவில்லை. தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போனார். இலை அப்படியே இருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் இலையையே பார்த்தபடி நின்றார்.

"எழுந்து போயிட்டா" என்றார். "பாதியில எழுந்து போயிட்டா."

பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, கேமராவின் ஒயரைப் பிடுங்கிக் கீழே விட்டார். அன்றிலிருந்து தம்பியின் போனை அவர் எடுக்கவில்லை.

அதோடு விட்டிருந்தால் இரண்டு ஆண்பிள்ளைகளின் ரோஷம் என்று நான் பேசாமல் இருந்திருப்பேன். அப்பா சாப்பிடுவதையும் விட்டுவிட்டார். லீவு கிடைத்தபோதெல்லாம் நான் போய் ஆக்கிப் போட்டால், இரண்டு வாய் பிசைந்துவிட்டு இலையை மூடிவிடுவார். வற்புறுத்தினால், அவள் பசியோடு போயிருக்கிறாள், எனக்கு என்ன சோறு என்பார். சட்டை தோளில் நிற்காமல் சரிய ஆரம்பித்தது. செத்தவளுக்குப் பசிக்குமா என்று கேட்க வாய்வரை வந்துவிடும். கேட்கவில்லை. கிளினிக்கில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது எனக்கும் அதே நினைப்புதான் வந்தது. அம்மா எங்கோ ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள், முன்னால் தட்டு இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. அப்பாவும் போய்விடுவாரோ என்று அதைவிடப் பயமாக இருந்தது.

ஒயரைப் பிடுங்கிய பிறகும் எனக்கு அந்த டிங் கேட்டுக்கொண்டிருந்தது. பஸ்ஸில், புதுச்சத்திரம் தாண்டும்போது கேட்கும். பாத்திரம் தேய்க்கும்போது கேட்கும். ஓடிப்போய்ப் பார்த்தால் போனில் ஒன்றும் இருக்காது. தம்பியிடம் சொன்னேன். தனக்கும் கேட்கிறது என்றான். அப்பா மத்தியானத் தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

தம்பியை நான் சும்மா விடவில்லை. கதவைச் சாத்தினால் சாத்திய மாதிரி இருக்க உனக்கு என்ன கேடு என்று கேட்டேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. எல்லோரும் அவளைத் தனியாக விட்டுவிட்டு வெளியே போனது போல அவனுக்குத் தெரிந்ததாம். ஹாலில் தானும் அவளும் மட்டும் இருப்பதாகத் தோன்றியதாம். "நீங்கள்லாம் தொட்டீங்க, தூக்குனீங்க, குளுப்பாட்டுனீங்க. எனக்கு அந்த ஒரு ஓட்டைதான்க்கா இருந்துச்சு" என்றான். எனக்குக் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது.

அன்றைய வீடியோ அவன் போனில் இருந்தது. அனுப்பட்டுமா என்று கேட்டான். அனுப்பினால் தொலைத்துவிடுவேன் என்றேன். பயப்படாதே, விளக்குச் சுடர்தான் ஆடியது, அதற்குத்தான் அடித்திருக்கிறது என்றான். பிறகு, "ஆனா நான் கூப்ட்டதும் ஆடுறது நின்னுடுச்சுக்கா" என்றான். இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. இதுவரைக்கும் அந்த வீடியோவை நான் பார்க்கவுமில்லை.

அம்மா போன திதியில் மாதாமாதம் படைப்பது வழக்கம். முதல் மாதப் படையலுக்கு அப்பாவே முன்னால் நின்றார். நெட் மோடத்தை அணைத்தார். வந்திருந்தவர்கள் போனையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் வாங்கி எதிர்வீட்டில் கொடுத்தார். எத்தனை மணிக்குக் கதவைச் சாத்துவோம் என்று தம்பிக்குச் சொல்லிவிடும்படி என்னிடம் மட்டும் சொன்னார். சொன்னேன். போனை ரூமுக்குள் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வராண்டாவில் நிற்கிறேன், நீங்கள் திறக்கும் வரைக்கும் நானும் உள்ளே போகமாட்டேன் என்றான். அவன் அப்படிச் சொன்னதை அப்பாவிடம் சொன்னபோது அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கதவைச் சாத்திவிட்டுத் தெருவில் உட்கார்ந்தோம். வெறுங்கையோடு உட்காருவது எப்படி என்று எங்களுக்கு மறந்தே போயிருந்தது. சித்தி மகன் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். சித்தி வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள். வடக்கு வீதிப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. முன்பு அந்த டிங் சத்தத்துக்குப் பயந்தவள், அன்றைக்கு அது இல்லாததற்குப் பயந்தேன். அங்கே மஸ்கட்டில் ஒரு வராண்டாவில் ஒருவன் இதே மாதிரி சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. அவன் அவ்வளவு பக்கத்தில் இருந்து நான் பார்த்ததில்லை.

அப்பா மூன்றுமுறை தட்டிவிட்டுத் திறந்தார். இலைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். எனக்குத் தெரிந்து ஒரு பருக்கைகூட இடம் மாறவில்லை.

"சாப்ட்டா" என்றார்.

எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எதிர்வீட்டிலிருந்து பையை வாங்கிவந்ததும் அப்பா முதலில் தன் போனைத் தேடி எடுத்தார். தம்பியை அவரே கூப்பிட்டார். மணி அடித்து அடித்து நின்றது. அவன் இன்னும் ரூமுக்கு வெளியே நிற்கிறான் போலிருக்கிறது என்றேன். அப்பா போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் பார்த்தவரையில் அவர் வாழ்க்கையில் ஒரு போனுக்காக அப்படிக் காத்திருந்ததில்லை. மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது தடவைதான் எடுத்தான். மூச்சு வாங்கியது அவனுக்கு.

"சாப்ட்டாடா" என்றார் அப்பா. அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. அது ஓயும்வரை அப்பா போனை இறக்கவில்லை. பிறகு நீ சாப்பிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றான். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று அவன் கேட்டான்.

அப்பா அம்மாவின் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். போனை வீடியோவுக்கு மாற்றச் சொல்லி, சொம்பில் சாய்த்து, தன் முகம் தெரிகிற மாதிரி வைத்தார். சாதத்தில் கொத்சுவை விட்டுப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று, அவர் முழுங்குவதை வெட்கமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். தம்பியும் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். பாதி இலை காலியான பிறகு அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பாப்பா, எனக்குப் படைக்கிறப்ப கேமராவ நிறுத்திப்புடாதீங்க. நீங்கள்லாம் கதவச் சாத்திக்கிட்டு வெளிய போங்க. இவன் மட்டும் உள்ள இருக்கட்டும். எனக்கு ஆரோடயாவது பேசிக்கிட்டே சாப்ட்டாதான் எறங்கும்" என்றார்.

பேசாமல் சாப்பிடுங்கள் அப்பா என்று அதட்டினேன். அவர் இலையை மடிக்கும்வரை தம்பி போனை வைக்கவில்லை.