லாஜிக் பேப்பரும் அப்பாவின் பிரமாணங்களும்

பி.யூ.சி.யில் மற்ற எல்லாப் பாடத்திலும் தேறி, லாஜிக்கில் மட்டும் தவறியவள் எங்கள் வீதியில் நான் ஒருத்திதான். ஆங்கிலத்தில் தவறினால் ஊர் அனுதாபப்படும். கணக்கில் தவறினால், பெண்தானே என்று விட்டுவிடும். லாஜிக் என்றால், "அது என்னடி பாடம்?" என்று கேட்டுவிட்டு, நான் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிடுவார்கள். அந்தக் கோடை முழுக்க ஸ்ரீரங்கத்தில் பார்த்தவர்களுக்கெல்லாம் அதை விளக்கிக்கொண்டிருந்தேன், எனக்கே விளங்காமல்.

விஷயம் இதுதான். அந்தப் பேப்பரில் இரண்டு வகைக் கேள்விகள் வரும். ஒன்றில் இரண்டு மூன்று கூற்றுகளைக் கொடுத்து, இவற்றிலிருந்து என்ன பெறப்படுகிறது என்று கேட்பார்கள். மற்றதில் முடிவையும் அவர்களே சொல்லிவிட்டு, இதற்கு வலுச் சேர்ப்பது எது என்பார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

கல்லூரியில் ஒரு டெஸ்டில் இப்படி வந்தது: "ஆற்றுத் தண்ணீர் தவறாமல் பாய்ந்த வருஷமெல்லாம் இந்தத் தோட்டத்தில் வாழைத்தார் பெருக்கும். இந்த வருஷம் பெருக்கவில்லை. என்ன பெறப்படுகிறது?" நான் ஒரு பக்கம் எழுதித் தள்ளினேன். காற்று அடித்திருக்கலாம், பூச்சி விழுந்திருக்கலாம், எரு போதாமல் இருந்திருக்கலாம் என்று. போதாததற்கு, ஆற்றில் இந்த வருஷம் தண்ணீருக்குக் குறைவில்லை, அம்மா மண்டபம் படித்துறையில் என் கண்ணாலேயே பார்த்தேன் என்று சாட்சி வேறு. விடைத்தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில், "உன் கண்ணை யாரும் கேட்கவில்லை" என்று இருந்தது. மார்க் பூஜ்யம். தண்ணீர் தவறாமல் பாயவில்லை என்ற ஒரே வரிதான் விடையாம். தாளைக் கிழித்துப் போடலாமா என்று வந்தது.

இதற்கு என் வீட்டைத்தான் குற்றம் சொல்வேன். அப்பா பொன்மலையில் ரயில்வே குமாஸ்தா. மாலையில் வந்து காபி குடித்ததும் பக்கத்து வீட்டு மாமா வந்துவிடுவார். இருவரும் கூடத்தில் பாயை விரித்து, திவ்யப் பிரபந்த வியாக்கியானத்தில் ஒரு வரியை எடுத்துக்கொள்வார்கள். அதன் தாத்பரியம் பெரியவர்கள் நிர்ணயித்தது. அதில் கைவைக்கிற பேச்சே இல்லை. அன்றைய வேலை அதற்குப் பிரமாணம், அதாவது ஆதார வாக்கியம், தேடுவது. இவர் ஒரு கிரந்தத்திலிருந்து ஒன்றை எடுத்தால் அவர் இன்னொன்றிலிருந்து எடுப்பார். புதிதாக ஒன்று அகப்பட்டால் "பேஷ்!" என்பார்கள். தம்ளரை எடுக்கப்போகிற எனக்கும் எப்போதாவது ஒன்று தோன்றும். சொன்னால் எனக்கும் ஒரு பேஷ் கிடைக்கும். பகவத் விஷயத்துக்கு அது சரியான முறைதான். அப்பா அதே முறையைக் கத்தரிக்காய்க்கும் வைத்திருந்ததுதான் கஷ்டம். காந்தி மார்க்கெட் கத்தரிக்காய் ஆகாது என்பது முதலில்; ஏன் ஆகாது என்பது அவர் சாப்பிட உட்கார்ந்த பிறகு. அந்த வீட்டில் வளர்ந்தவளிடம் போய், கொடுத்ததை மட்டும் வைத்துக்கொண்டு பேசு என்றால் எப்படி?

ரிசல்ட் வந்த அன்று அப்பா, "நான் அப்பவே சொன்னேனோல்லியோ? பொம்மனாட்டிக்கு எதுக்கு இந்தத் தர்க்கமெல்லாம்? சரி, இன்னொரு தடவை எழுது. செப்டம்பர்ல தேறலேன்னா படிப்பை நிறுத்திட வேண்டியதுதான்" என்றார்.

பி.ஏ. சரித்திரம் படிக்க வேண்டும். அதைத் தவிர எனக்கு அப்போது வேறு ஆசையே கிடையாது. "சரிப்பா" என்றேன்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஒரு டுடோரியல். எந்தப் பாடத்தில் தவறியவர்களுக்கும் அங்கே ஒரே அறை. என் பக்கத்தில் உட்கார்ந்தவள் பாலக்கரையிலிருந்து வரும் முஸ்லிம் பெண். லாஜிக்கில் நல்ல மார்க், ஆங்கிலத்தில் கவிழ்ந்துவிட்டாள். அவளுடைய கட்டுரைகளை நான் திருத்துவது, என் லாஜிக்கை அவள் திருத்துவது என்று பேசிக்கொண்டோம். என் விடைகளைப் படித்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்ன புள்ள நீ, தீர்ப்பை எழுதிட்டு அப்புறமா சாட்சி புடிக்கிறே? கேள்வியில முடிவு இருக்கா இல்லையா, அதை மொதல்ல பாரு. இருந்துச்சுன்னா வெளியிலேர்ந்து எதை வேணாலும் கொண்டாந்து முட்டுக் கொடு. இல்லேன்னா அவங்க போட்டதுதான் சாப்பாடு. ஊறுகாகூட உங்க வீட்டுலேர்ந்து எடுத்துட்டு வராதே."

புரிந்துவிட்டது. புரிந்ததும் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இவ்வளவுதான் என்றால் இதை ஏன் ஒரு வருஷமாக யாரும் இப்படிச் சொல்லவில்லை? அப்புறமும் கை கேட்கவில்லை. எழுத ஆரம்பித்தால் எங்கிருந்தாவது ஒரு காரணம் ஓடி வந்துவிடும். அடித்து அடித்துத் தாள் கறுத்துப்போகும்.

இன்னொரு பொறியையும் அவள்தான் காட்டினாள். "பஸ் வரலேன்னா கிளாசுக்கு வரமாட்டேன்னு நான் சொன்னா, பஸ் வந்தா வருவேன்னு எழுதிடாதே. பஸ்ஸும் வந்து, அன்னைக்கு வீட்டுக்கு விருந்தாளியும் வந்திருந்தா?" செப்டம்பர் பரீட்சையில் அதே மாதிரி ஒன்று வந்தது. சரியாகவே எழுதினேன்.

லாஜிக்கில் எழுபதுக்கு மேல் வந்தது. அம்மா பாயசம், எங்கள் வீட்டுப் பேச்சில் திருக்கண்ணமுது, பண்ணினாள். பி.ஏ.வுக்கு எப்போது விண்ணப்பம் போடலாம் என்று கேட்க நான் கூடத்துக்குப் போனபோது அப்பா மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நல்ல மார்க் வாங்கிட்டா. இதுக்கு மேல படிச்சா அதுக்கும் மேல படிச்ச வரனாத் தேடணும். போதும், ஜாதகத்தை எடுத்துட வேண்டியதுதான்."

"அப்பா, தேறினா மேல படிக்கலாம்னு சொன்னேளே?"

அப்பா நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "நான் எங்கேடி அப்படிச் சொன்னேன்? தேறலேன்னா நிறுத்தறதுன்னு சொன்னேன். தேறினா என்னன்னு நான் வாயே திறக்கலியே?"

அவர் சொன்னது ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. தாளில் சரியாக எழுதியதை வீட்டில் கோட்டைவிட்டிருந்தேன். தவறியிருந்தால் பெண்ணுக்குப் படிப்பு வராது என்பதற்கு அது பிரமாணம். தேறியதால் படித்தது போதும் என்பதற்கு இது பிரமாணம். அம்மாவிடம் சொல்லி அழுதால், "அப்பா எதுக்குச் சொல்வார், உன் நல்லதுக்குத்தானே" என்றாள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பி.ஏ. பெயில். அவருக்குப் படிப்பு வருமா வராதா என்று யாரும் பிரமாணம் தேடவில்லை.