பன்னிரண்டு டம்ளர் தண்ணீர்

பச்சை அட்டை போட்ட நீளமான நோட்டு அது. மனையியல் மூன்றாம் ஆண்டில் படிக்கும்போது ஸ்கேல் வைத்து நானே அதில் கட்டம் போட்டு ஆங்கிலத்தில் தலைப்பு எழுதினேன்: பால், முட்டை, காய்கறி, தண்ணீர், எடை, நடை. அறுபதைத் தாண்டிய ஒருவரை நான்கு வாரம் கவனித்து, என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு நடக்கிறார், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் தொடர்ந்து எத்தனை முறை எழுகிறார் என்று தினமும் குறிக்க வேண்டும். மற்றப் பெண்களுக்குச் சொன்னதைக் கேட்கும் பெரியவர்கள் வாய்த்தார்கள். எனக்கு வாய்த்தவர் பெரியப்பா.

துறைமுகப் பண்டகசாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரியம்மா இறந்த பிறகு செம்பூரில் எங்களோடு இருந்தார். அறுபத்தொரு வயது, ஆறு வயதுப் பிடிவாதம். காலையில் அவித்த முட்டையைத் தட்டில் வைத்துவிட்டு நான் பஸ்ஸுக்கு ஓடுவேன். மாலையில் கேட்டால், "தின்னுட்டேன்ட்டி, எழுதிக்கோ" என்பார். பக்கத்து வீட்டுப் பூனை கொழுத்துக்கொண்டே வந்தது. வெல்லத்தைத் தொடக்கூடாது என்றால் டப்பா இரண்டு நாளில் காலியாகும். ஞாயிற்றுக்கிழமைகளில் விறகுக் கடைத் தராசில் அவரை ஏற்றி நிறுத்துவதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். "நான் என்ன கருவேல மரமாட்டி?" என்று கடைக்காரன் முன்னாலேயே கத்துவார்.

அவர் ஒழுங்காகச் செய்தவை இரண்டே இரண்டு என்று நம்பினேன். ஒன்று தண்ணீர் குடிப்பது. நாளுக்குப் பன்னிரண்டு டம்ளர். மற்றது நடை. மாலை ஐந்து மணிக்குக் குடையோடு இறங்கிப் போவார், ஆறு மணிக்கு வருவார். "ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வாரேன்." எடையும் வாரத்துக்கு வாரம் குறைந்தது. நடக்கிறார், இளைக்கிறார் என்று எழுதினேன். பாதியில் நோட்டை வாங்கிப் பார்த்த பேராசிரியை, தண்ணீர்க் கட்டத்துக்கு நேராகச் சிவப்பு மையில் டிக் போட்டு, 'நல்ல பழக்கம்' என்று எழுதினார். இடிக்கிற விஷயம் ஒன்றுதான். முதல் வாரம் ஒன்பது முறை நாற்காலியிலிருந்து எழுந்தவர், மூன்றாம் வாரம் ஐந்து முறைதான் எழுந்தார். சோம்பேறித்தனம் என்று அவரோடு சண்டை போட்டேன்.

இருபத்துநான்காம் நாள் கல்லூரி சீக்கிரம் விட்டது. மாட்டுங்காவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினால், எங்கள் தெருமுனைத் தையல்கடை பெஞ்சில் பெரியப்பா உட்கார்ந்திருக்கிறார். மடக்கிய குடை தொடை மேல் கிடக்கிறது. என்னைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார். தையல்கடை பாய் மெஷினை நிறுத்திவிட்டு, "தெனமும் இங்கனதாம்மா இருப்பாரு. ஆறடிச்சதும் எந்திரிச்சிப் போயிருவாரு" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் தெரு என்றும் பாராமல் கத்தினேன். இருபத்துமூன்று நாள் பொய்யை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதியிருக்கிறேன்! "எந்திரிங்க பெரியப்பா, வீட்டுக்கு வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். பத்தடி போயிருப்போம். பாய் பின்னாலிருந்து கூப்பிட்டார். திரும்பினால் அவர் கையில் பெரியப்பாவின் வலது கால் செருப்பு. பெரியப்பா வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறார். செருப்பு கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. குதிகால் பட்ட இடமெல்லாம் தரையில் ஈரமாகச் சிவப்பு. எப்போதோ ஆணி குத்திய இடம் புண்ணாகிச் சீழ் வைத்திருந்தது.

"வலிக்கலையா?"

"இல்ல. ரெண்டு மாசமா பஞ்சுல நடக்க மாதிரி இருக்கு. ஸ்டேஷன் பாலத்துல ஒருநாள் விழுந்துட்டேன். அதுக்கப்புறம் போகல."

"ஏன் சொல்லல? தெனமும் கேட்டேன்லா?"

"நீ நடந்தியான்னுதான கேட்ட. உன் நோட்டுல இதுக்குக் கட்டம் இல்லயேட்டி."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் எரிச்சலை இன்னும் கூட்டியது.

ஆஸ்பத்திரியில் மராத்திக்கார டாக்டர் எவ்வளவு நாளாக என்று கேட்டார். பெரியப்பா என்னைக் கை காட்டி, "எல்லாம் அவ எழுதி வச்சிருக்கா" என்றார். வேறு வழியில்லாமல் நோட்டை நீட்டினேன். நடைப் பக்கங்களை டாக்டர் பார்க்கவே இல்லை. தண்ணீர்க் கட்டத்தில் விரலை வைத்தார். பிறகு எடைக் கட்டத்தில். இவ்வளவு தாகம், இவ்வளவு இளைப்பு, சர்க்கரை வியாதி என்று யாருக்கும் தோன்றவில்லையா என்று ஹிந்தியில் கேட்டார். அந்த வியாதியைப் பற்றி முந்தின பருவத்துத் தேர்வில் இரண்டு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். சிவப்பு டிக்கைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

பாதம் பிழைத்தது, புண் ஆற மூன்று மாதம் ஆனது. நடந்ததை நடந்தபடி எழுதி நோட்டைக் கொடுத்தேன். நடைக் கணக்கு நம்பத்தக்கதல்ல என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார் பேராசிரியை. சிவப்பு டிக்கைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு முப்பது வருடம் ஆஸ்பத்திரிகளில் உணவு ஆலோசகராக இருந்தேன். இன்றைக்கு அச்சடித்த படிவங்களில் எத்தனையோ கட்டங்கள் இருக்கின்றன. அவற்றை நிரப்பிவிட்டு நிமிர்ந்து ஆளைப் பார்க்காதவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதல் கோபம் என் மேல்தான்.

வீடு திரும்பிய பெரியப்பா மாறிவிடவில்லை. வராந்தாவில் இருபது தப்படி நடக்க வேண்டும் என்றார் டாக்டர். அதற்கும் தினம் ஒரு போராட்டம். படிப்பு முடிந்து, எழுத நோட்டும் இல்லாத ஒரு மாலையில், வழக்கம்போல, "நடந்தாச்சா?" என்றேன்.

அவர் பாதத்தை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டார். பிறகு, "இல்லட்டி. எந்திரிச்சேன். பயமா இருந்துச்சு, உக்காந்துட்டேன்" என்றார்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன முதல் உண்மை அது. குனிந்து தோளைக் கொடுத்தேன். முனகிக்கொண்டே எழுந்தார்.