ஓட்டை இல்லாத மதில்

கார்த்திகை மழையின் மூன்றாம் நாள் காலை, நான் வரைந்த தோட்டம் பாக்கியம் அக்காவின் கிணற்றுக்குள் கிடந்தது. றோசாச் செடி, மதில் கல், மண், எல்லாம்.

ஐம்பதுகளின் கடைசி. வன்னியில், வட்டக்கச்சிப் பக்கம் ஒரு குடியேற்றத் திட்டத்தின் கந்தோரில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், நான் படவரைஞன். வயது இருபத்து நான்கு. இஞ்சினியருக்கு மேட்டில் புதுப் பங்களா கட்டி முடிந்திருந்தது. அதன் முன்வளவு சரிந்து இறங்கி, கீழே குடியேறியிருந்த பாக்கியம் அக்காவின் காணி வேலியில் முடியும். அந்தச் சரிவுக்கு ஒரு தோட்டம் வரையச் சொன்னார்கள்.

"எனக்கு மட்டமா வேணும், தம்பி," என்றார் இஞ்சினியரின் மனைவி. "மேசையில தேத்தண்ணி வைச்சால் கோப்பை வழுக்கிக்கொண்டு குடியேற்றத்துக்குப் போகக்கூடாது."

லெவல் பிடித்தேன். எட்டடி இறக்கம். மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு என்று பிரித்தேன். கீழ்த்தட்டின் மண்ணைத் தாங்க, வேலியோரம் ஐந்தடிக் கல்மதில்.

மதில் எழும்பும்போது மேசன் கேட்டார்: "ஐயா, தண்ணி வடிய அடியில ஓட்டை விடுவமோ?"

"ஏன், பாம்பு குடியிருக்கவோ?"

வேலையாட்கள் சிரித்தார்கள். மேசன் சிரிக்கவில்லை.

"மழை வருமெல்லோ, ஐயா."

"வந்தால் நிலம் குடிக்கும்."

நான் யாழ்ப்பாணத்தான். எங்கள் வளவு தட்டை; அடியில் சுண்ணாம்புக்கல். பெய்த மழை கண்முன்னே கீழே இறங்கிவிடும். சரிவில் தண்ணீர் ஓடும், மண்ணுக்குள் தேங்கி மதிலைத் தள்ளும் என்பதெல்லாம் பாடமாகப் படித்தவைதான். பார்த்ததில்லை. அந்த மேட்டின் அடியில் இருந்தது தண்ணீர் இறங்காத இறுகிய களிமண்.

கார்த்திகை மழையில் மதில் நடுவில் வெடித்து விழுந்தது. ஆளுக்குச் சேதமில்லை. கிணறு மட்டும் விளிம்புவரை தூர்ந்துவிட்டது. பாக்கியம் அக்காவும் புருசனும் இரண்டு கோடை பாடுபட்டு வெட்டிய கிணறு. அவர்களுடைய மிளகாய்த் தோட்டம் அதை நம்பித்தான் இருந்தது.

ஏன் விழுந்தது என்று இஞ்சினியர் அறிக்கை கேட்டார். 'கிணறு மதிலுக்குக் கிட்ட இருந்தபடியால் அத்திவாரம் இளகிவிட்டது' என்று எழுதினேன். கிணறு பன்னிரண்டடி தள்ளி இருந்தது. மதிலுக்கு முந்தியே வெட்டியது.

"நிச்சயமோ?" என்றார்.

"ஓம், சேர்."

கந்தோர் கிணற்றைத் தோண்டிக் கொடுக்கவில்லை. அப்படியே மூடிவிடும்படி அக்காவுக்குக் கடிதம் அனுப்பியது. அடுத்த கோடையில் அக்கா வாய்க்காலிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்தார். மிளகாய்க்கு அது போதவில்லை.

மதிலைத் திரும்பக் கட்டினோம். இம்முறை நாலடிக்கு ஒரு வடிதுளை வரைந்திருந்தேன். அக்கா குடத்தோடு வேலியடியில் வந்து நின்றார்.

"இதென்ன தம்பி, ஓட்டையள்?"

"தண்ணி வடிய, அக்கா."

"முந்தின மதிலுக்கு இல்லையே?"

நான் பிளானைப் பார்த்தேன்.

"என்ர கிணறுதான் பிழை எண்டு கடிதம் வந்தது. கிணறு இப்ப இல்லை. பிறகேன் ஓட்டை?"

அறிக்கை கந்தோர் பைலில்தான் இருந்தது. திருத்த ஒரு கடதாசி போதும். நான் மேசன் பக்கம் திரும்பி, "அடுத்ததை அளந்து வையுங்கோ," என்றேன். அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு: சரிவில் மதில் கட்டினால் வடிதுளை விடுங்கள். பிளான் வரையமுன் கீழே குடியிருப்பவரோடு கதையுங்கள். மதில் விழுந்தது, சரிவு நிலத்தை நான் அறியாததால். கிணறு மூடப்பட்டது, தெரிந்துகொண்டே நான் பொய் எழுதியதால். அதற்கு வன்னி மழையைக் குறைசொல்ல முடியாது.