அரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் தூள்

என் சின்னஞ்சிறு கருவிகளெல்லாம் அக்காவின் கூடத்தில், பழைய செய்தித்தாள்மீது வரிசையாகக் கிடந்தன. கிள்ளானில் வேலை முடித்து, வெயிலில் களைத்து வந்து வாசலில் நின்ற எனக்கு முதலில் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. கருவிகளுக்கு அந்தப் பக்கம் நகை செய்யும் ஆசாரி உட்கார்ந்திருந்தார்.

பிரிக்பீல்ட்ஸில் தன் வீட்டுப் பின்னறையில் என்னைக் குடிவைத்திருந்தவர் அந்த அக்கா. கணவர் ரயிலில் கார்டு. பாதி நாள் வெளியூரில் இருப்பார். நானோ நாடகக் குழுவோடு கப்பலேறி வந்தவன். குழு ஊர் திரும்பிய பின்னும் இங்கேயே தங்கி, பஜனை மடங்களின் ஹார்மோனியங்களைப் பழுதுபார்த்துப் பிழைத்தேன். அக்கா யாரையும் லேசில் நம்பமாட்டார். பால்காரரின் எதிரிலேயே பாலை விரலில் தொட்டுப் பார்ப்பார். அப்படிப்பட்டவரின் கழுத்துச் சங்கிலி, யாரோ அராவி எடுத்ததுபோல் இளைத்துப்போயிருந்தது. வீட்டில் வேற்று ஆள் நான் ஒருவன்தான்.

"தம்பி, இதெல்லாம் எதுக்கு?" என்று அக்கா கேட்டார்.

பழைய சாமான் கடையில் ஒவ்வொன்றாக வாங்கியவை அவை. விரல் நீளச் சுத்தியல் யாரோ கடிகாரக்காரருடையது. வளைந்த கொக்கி பல் வைத்தியரிடம் இருந்ததாகக் கடைக்காரர் சொன்னார். மெல்லிய அரத்தை யார் எதற்குச் செய்தார்கள் என்று எனக்கே தெரியாது.

ஆசாரிக்குத் தெரிந்திருந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இது எங்க பட்டறை அரம், தங்கச்சி. பல்லுல மஞ்சத்தூள் நிக்குது பாருங்க. உங்க தங்கந்தான். மாத்தாவக் கூப்பிடுங்க!"

போலீசை அன்று மாத்தா என்போம். "அது பித்தளை தேய்க்க, அக்கா" என்றேன்.

"எங்க, செஞ்சு காட்டு" என்றார் அக்கா.

அறையில் பழுதுக்கு வந்த ஹார்மோனியம் ஒன்று இருந்தது. தூக்கி வந்து பிரித்தேன். கொக்கியால், சுரம் எழுப்பும் பித்தளை நாக்கு ஒன்றை வெளியே இழுத்து, அதன் நுனியை அரத்தால் இரண்டு தரம் மெல்லத் தேய்த்தேன். தாளில் மஞ்சள் தூள் உதிர்ந்தது. திரும்பப் பொருத்தி ஊதவிட்டேன். இறங்கிக் கிடந்த சுரம் சற்றே மேலேறி நின்றது. அக்கா சுரத்தைக் கேட்கவில்லை. தூளையும் ஆசாரியையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அரம் உங்க ஆளுங்களுதாவே இருக்கட்டும், ஆசாரி. பையில உரைகல்லு இருக்குல்ல? உரைச்சுப் பாக்காமயே தங்கம்னு எப்படிச் சொன்னீங்க?"

ஆசாரி துண்டால் கழுத்தைத் துடைத்தார். "கண்ணுக்குத் தெரியாதா என்ன…"

"சங்கிலிக்குக் கொக்கி மாத்த உங்ககிட்டக் குடுத்ததுக்கு அப்புறந்தானே அது இளைச்சுச்சு?"

அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் தன் பையன் கையில் காகிதத்தில் மடித்து ஒரு துளி தங்கம் கொடுத்தனுப்பினார். பட்டறையில் தவறி விழுந்துகிடந்ததாம்.

அக்காவுக்கு அந்தத் துளி போதவில்லை. சங்கிலியைக் கழற்றி, அந்தத் தங்கத்தோடு துணியில் முடிந்து என் கையில் வைத்தார். "கிள்ளான்ல வேற ஆசாரிகிட்ட நிறுத்துப் பாத்துட்டு வா, தம்பி. நீயே போ."

நெஞ்சு நிறைந்துபோயிற்று எனக்கு. சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.

"நில்லு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "கதவப் பூட்டிட்டு நானும் வரேன்."