சிவப்பு அட்டை மாட்டிய கம்ப்யூட்டர்

எங்கள் வேனில் ஜன்னல் சீட்டு மெர்சியுடையது. கான்ட்ராக்ட் ஆட்களை அடைத்துக்கொண்டு கவரப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிற அந்த ஓட்டை வண்டியில் காற்று வருகிற ஒரே இடம் அதுதான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பர்மனென்ட் ஆட்களுக்கு ஏசி பஸ். அது எங்களைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மெர்சி வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவள் அம்மா அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு இவளை டிப்ளமா படிக்க வைத்தாள். படித்து என்ன? பக்கத்து மேஜையில் அதே வேலை பார்க்கும் பர்மனென்ட்காரி, பிள்ளைக்கு ஜுரமென்றால் லீவு போடுவாள். மெர்சி லீவு போட்டால் மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள்.

இந்த வருஷம் கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் பர்மனென்ட் பரீட்சை என்று அறிவித்தார்கள். வீட்டிலேயே, சொந்தக் கம்ப்யூட்டரில், கேமரா முன்னால் தனியாக உட்கார்ந்து எழுத வேண்டும். நடுவில் வேறு எது திரையில் வந்தாலும் காப்பி அடித்ததாகக் கணக்கு, பரீட்சை அதோடு சரி. அடுத்த வருஷம் மெர்சிக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இதை விட்டால் வேறு வழியில்லை.

"பாஸ் பண்ணா நானும் ஏசி பஸ்ஸுதான். ஜன்னல் சீட்டு உனுக்கு, எல்லம்மாக்கா," என்றாள் என்னிடம்.

"மொதல்ல எழுதுடி, சீட்டு எங்க ஓடிடப்போவுது," என்றேன்.

அவளுக்குப் படிப்பு பயமில்லை. பயமெல்லாம் அந்தக் கிளிதான். கேபிள்கார ஜெகன் நெட் கனெக்‌ஷன் கொடுத்தபோது 'நெட் தோழன்' என்று ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போனான். நினைத்தபோதெல்லாம் ஒரு பச்சைக் கிளி திரை நடுவில் குதிக்கும். 'உங்கள் இணைப்பு நலமாக உள்ளது' என்று சொல்லும். "நல்லா இருந்தா எதுக்குடா வந்து சொல்ற, சனியனே!" என்று மெர்சி கத்துவாள். நீக்கு என்று கொடுத்தால் 'எங்களைப் பிரிய மனமா?' என்று கேட்டுவிட்டுப் போகும். மறுநாள் காலையில் வந்து நிற்கும்.

ஜெகனைப் பிடித்துக் கேட்டேன். "கம்பெனிக்காரன் போடச் சொல்றான், போடறோம். எடுக்கறதுக்கு எனுக்குத் தெரியாதுக்கா. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது," என்றான். கஸ்டமர் கேர் பெண் "உங்க வசதிக்காகத்தான் மேடம்" என்று வைத்துவிட்டாள். எங்கள் தெருவுக்கு வேறு லைன் கிடையாது. எங்கள் ஷீட் வீடுகளுக்குள் செல்போன் சிக்னலும் வராது.

மெர்சியின் வீட்டுக்காரர் ராபின் இரும்பு மில்லில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். "மெஷின்னா மொதல்ல சப்ளைய கட் பண்ணணும்," என்று நெட் ஒயரைப் பிடுங்கினார். கிளி ஒன்றல்ல, இரண்டாம். ஒன்றை நிறுத்தினால் மற்றது அதைக் கிளப்பிவிடுமாம். சோறு ஆறிப்போனது. பொழுது சாய்கிற நேரத்தில் இரண்டையும் அழித்துவிட்டு எழுந்தார். கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டார். கிளி வரவில்லை. மெர்சி சிரித்ததைப் பார்க்க வேண்டுமே!

"ஒருவாட்டி நெட்டு போட்டுப் பாத்துடலாமாங்க?" என்று கேட்டாள்.

"சும்மா கீறத சொறிஞ்சி பேஜாரு பண்ணிக்காத. ரெடி ஆன மெஷின ஆடிட் வரைக்கும் தொடக்கூடாது," என்றார் ராபின். மில்லில் அதுதான் வழக்கம். ரிப்பேர் பார்த்த மெஷினில் 'தொடாதே' என்ற சிவப்பு அட்டையை மாட்டிவிடுவார்கள். அப்படி ஓர் அட்டையை வீட்டுக்கே கொண்டுவந்து கம்ப்யூட்டரில் தொங்கவிட்டார்.

பரீட்சையன்று எங்களுக்கு லீவு, ராபினுக்குக் காலை ஷிப்ட். காவலுக்கு நான். எதிர்வீட்டு கெங்கம்மாளிடம் போய், "மிக்சி போடாத, மெர்சி பரீட்ச எழுதறா," என்றேன்.

"அப்ப நாஷ்டாக்கு சட்னி? உன் தலையிலயா அரைக்கிறது?" என்றாள். ஆனாலும் போடவில்லை. அன்று எங்கள் தெருவில் ஒருத்தரும் சத்தமாகப் பேசவில்லை.

மெர்சி ஒயரை மாட்டி, கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஆரம்பித்தாள். ஜன்னல் வழியாக அவள் முதுகு தெரிந்தது. தலையாட்டிக்கொண்டே எழுதினாள். பாதி தாண்டிவிட்டது என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

பிறகு அவள் முதுகு அசையவில்லை. எழுந்து கதவைத் திறந்தாள்.

"யக்கா, கிளி வந்துடுச்சிக்கா."

உள்ளே ஓடினேன். 'தேர்வு ரத்து' என்று சிவப்பாக எழுதியிருந்தது. அதன் மேல் கிளி சிறகடித்தது: 'மீண்டும் வந்துவிட்டோம்! எங்களுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' கம்ப்யூட்டரைத் தூக்கித் தெருவில் போட்டிருப்பேன். மெர்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தெருவுக்கு வந்து சிப்காட் கம்பெனிக்கு போன் போட்டாள், கெஞ்சினாள். "சிஸ்டம் எடுத்த முடிவும்மா, எங்க கையில இல்ல," என்றார்கள். ஜெகன் வந்து பார்த்துவிட்டு, "வேர் எங்கியோ மிச்சம் இருந்திருக்கு. நெட்டு வந்ததும் அதுவே தன்ன எறக்கிக்கும். முன்னாடியே ஒருவாட்டி நெட்டப் போட்டிருந்தா தெரிஞ்சிருக்குமேக்கா," என்றான்.

"உன் வாயில மண்ணு உழ! இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாடா?" என்று அடிக்கப் போனேன். அடித்து என்ன ஆகப்போகிறது? மில்லுக்கு வருகிற ஆடிட்டர் அட்டையைப் பார்ப்பார், டீ குடிப்பார், போய்விடுவார். மெஷினை ஓட்டிப் பார்ப்பதில்லை. பரீட்சைக்கோ மெஷின் ஓடியாக வேண்டும் என்பது எங்கள் ஒருவர் புத்தியிலும் ஏறவில்லையே!

ஷிப்ட் முடிந்து வந்த ராபின் விஷயம் தெரிந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மெர்சி அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். திட்டியிருந்தால் அந்த மனுஷனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். டீ ஆறும்வரை அவர் அந்தச் சிவப்பு அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை வேனில் நான் முதலில் ஏறினேன். ஜன்னல் சீட்டை விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெர்சி ஏறினாள். "கொஞ்சம் தள்ளுக்கா," என்று என்னைத் தாண்டிப் போய் அவள் இடத்தில் உட்கார்ந்தாள். பைபாஸில் ஏசி பஸ் எங்களைத் தாண்டியது. இந்த முறை அவள் முகத்தைத் திருப்பவில்லை. அது மறைகிறவரை பார்த்துக்கொண்டே வந்தாள்.